ஹாஸ்டல் அறைக்கு என்னென்ன கொண்டுபோவது? மகள் முதல்முறையாக வீட்டை விட்டுப் போகிறாள்

ராஜபாளையம் அம்மா கேட்டது:

வணக்கம். பொறியியல் கலந்தாய்வில் என் மகளுக்குத் தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. எங்கள் வீட்டில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்கள் யாருமே கிடையாது, நானும் பன்னிரண்டாவதோடு நின்றவள், அவள் அப்பாவும் அப்படித்தான், அதனால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

கல்லூரியிலிருந்து ஒரு தாள் அனுப்பியிருக்கிறார்கள். அறைக்கு மூன்று பேர். கட்டில், மேசை, நாற்காலி, ஆளுக்கு ஓர் அலமாரி அவர்களே தருவார்களாம். மெத்தை, தலையணை, வாளி, பூட்டு நாம் கொண்டுபோக வேண்டும். மின்சாதனங்களுக்கு அனுமதி இல்லை. அவ்வளவுதான். கட்டில் என்ன அளவு, ஜன்னலுக்குத் திரை இருக்கிறதா, துணியை எங்கே காயப்போடுவது, இதெல்லாம் அதில் இல்லை.

மதுரையில் இருக்கும் என் நாத்தனார் இரண்டு பக்கத்துக்குப் பட்டியல் எழுதி வாட்ஸப்பில் அனுப்பினார். அதைப் பார்த்து வாங்க ஆரம்பித்து இப்போது முன்னறையில் ஒரு மூலை முழுக்கச் சாமான். பெரிய டிரங்குப் பெட்டி, தண்ணீர் பிடித்துவைக்க ஒரு டிரம், மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, உட்கார ஒரு ஸ்டூல், புத்தகம் அடுக்க பிளாஸ்டிக் ஷெல்ஃப், ஆறு பெட்ஷீட். இலவம் பஞ்சு மெத்தை ஒன்று போடச் சொல்லி அளவு கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அவள் அப்பா, இவ்வளவையும் ரயிலில் ஏற்ற முடியாது, ஒரு டாடா ஏஸ் பேசிவிடலாம் என்கிறார். இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். அந்த வாடகையை நினைத்தால் பகீர் என்கிறது. ஆனால் அங்கே போய் அவள் ஏதாவது இல்லாமல் திண்டாடினால் அதையும் தாங்க முடியாது.

மெத்தையை இங்கேயே போட்டுக்கொண்டு போகலாமா? டிரங்குப் பெட்டியா, சூட்கேஸா? கெட்டிலை ஒளித்து எடுத்துப்போனால் பரவாயில்லையா? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார் நாத்தனார். தின்பண்டம் எவ்வளவு கொடுத்தனுப்பலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் 12 நாள்தான் இருக்கிறது.

மூன்றாம் வருஷம் இசிஇ எழுதியது:

வணக்கம் அம்மா. நானும் சென்னையில் ஹாஸ்டல்தான், ஊர் புதுக்கோட்டைப் பக்கம். முதல் வருஷம் என் அம்மாவும் இதே மாதிரிதான் வீட்டையே மூட்டை கட்டினார்கள். அதில் பாதியை அந்த ஆயுதபூஜை விடுமுறையிலேயே திருப்பி எடுத்துப்போனோம்.

முதலில் டிரம்மையும் ஸ்டூலையும் ஷெல்ஃபையும் அந்த மூலையிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று கட்டில், மூன்று மேசை, மூன்று நாற்காலி போட்ட அறையில் நடுவில் ஒரு ஆள் குறுக்கே படுக்க இடம் இருந்தாலே அதிகம். என் முதல் அறையில் அலமாரிக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் திறக்க வேண்டும். தரையில் வைக்கிற எந்தச் சாமானும் மூன்று பேருக்கும் இடைஞ்சல்.

இனி, தினமும் கைக்கு வருகிற பொருட்களைச் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் முக்கியம். வாளியும் கப்பும் தாம்பரத்திலேயே வாங்கலாம், ஆனால் வாங்கின அன்றைக்கே வாளியின் வெளிப்பக்கமும் கப்பின் அடியிலும் நெயில் பாலிஷால் பெயரும் அறை எண்ணும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் தளத்தில் ஒரே கடையில் வாங்கிய ஒரே நீல வாளி முப்பதாவது இருக்கும், முதல் வாரத்திலேயே என் வாளி போய்விட்டது, யாரும் திருடவில்லை, அடையாளம் தெரியாமல் மாறிப்போனதுதான். குளியலறைக்கு எடுத்துப்போக அடியில் ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் கூடை ஒன்று வேண்டும், சோப்பு, ஷாம்பு, பிரஷ் எல்லாம் அதில் போட்டுத் தூக்கிக்கொண்டு போகலாம், தண்ணீர் தானாக வடிந்துவிடும். குளியலறைக்கென்று தனியாக ஒரு ரப்பர் செருப்பு. காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்கும்போது இந்தக் கூடையும் செருப்பும்தான் உதவும்.

நைலான் கயிறு இரண்டு, கிளிப் இரண்டு டஜன். மாடியில் பொதுக் கொடி இருக்கும், ஆனால் உள்ளாடைகளை அங்கே போட நிறைய பேருக்குச் சங்கடம், அதனால் அறைக்குள்ளேயே ஜன்னல் கம்பிக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு கொடி கட்டிக்கொள்வோம்.

நாப்கின் மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்க வேண்டாம், இரண்டு பாக்கெட் போதும், பக்கத்துக் கடையில் கிடைக்கும். ஆனால் சுற்றிப் போட பழைய செய்தித்தாள் ஒரு கட்டு கொடுங்கள், அது அங்கே கிடைப்பதில்லை. ரப்பர் வெந்நீர்ப் பை ஒன்று கட்டாயம். மெஸ்ஸில் கேட்டால் வெந்நீர் தருவார்கள்.

துணி பத்து நாளைக்கு மாற்றிக்கொள்கிற அளவுக்கு இருந்தால் போதும். பட்டுப் பாவாடை ஒன்றே ஒன்று. பெட்ஷீட் இரண்டு போதும், அடர்ந்த நிறமாக. எங்கள் ஹாஸ்டலில் போர்வெல் தண்ணீர், வெள்ளை எல்லாம் இரண்டே மாதத்தில் மஞ்சளாகிவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். யு.எஸ்.பி.யில் எரிகிற சின்ன கிளிப் விளக்கு ஒன்று வாங்கிக்கொடுங்கள். ஒருத்தி பத்து மணிக்குத் தூங்குவாள், ஒருத்தி இரண்டு மணிவரை படிப்பாள். பெரிய விளக்கை அணைக்கச் சொல்லி நடக்கிற சண்டைதான் முதல் வருஷத்தில் அறைத்தோழிகளைப் பிரிக்கிற பெரிய காரணம், நான் மூன்று அறைகளில் பார்த்துவிட்டேன்.

கோவையில் மகனை விட்டுவந்த அப்பா எழுதியது:

சகோதரி, மெத்தை பற்றி மட்டும் நான் சொல்கிறேன், அடிபட்டவன் என்பதால்.

2022இல் என் பையனைக் கோயம்புத்தூரில் சேர்க்கும்போது ஊரிலேயே ஆறுக்கு மூன்று அடியில் காயர் மெத்தை வாங்கி, பஸ் மேலே கட்டிக்கொண்டு போனேன். வழியில் மழை. உறை கிழிந்து ஒரு பக்கம் ஊறிப்போனது. அதைவிடக் கொடுமை, அங்கே போனால் கட்டிலின் அகலம் இரண்டரை அடிதான். மெத்தை ஒரு பக்கம் அரை அடி வெளியே தொங்கியது, ராத்திரி புரண்டால் கீழே சரிகிறது என்றான். பதினைந்து நாள் கழித்து அவனே வேறு ஒன்று வாங்கிக்கொண்டான். ஹாஸ்டல் கட்டில்கள் எல்லாம் ஒரே அளவு இல்லை. கட்டிலை டேப் வைத்து அளக்காமல் மெத்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

இலவம் பஞ்சு படுக்க அருமையானதுதான், நானும் போடி பஞ்சில் போட்ட மெத்தையில்தான் படுக்கிறேன். ஆனால் அதற்கு வெயில் காட்ட வேண்டும், மொத்தமாகத் தூக்கி மாடியில் போட்டுத் தட்ட வேண்டும், ஹாஸ்டலில் யார் செய்வார்கள்? சென்னையில் அக்டோபர் பிற்பாதியில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் டிசம்பர் வரைக்கும் ஈரம். வெயில் காட்டாத மெத்தையில் வாடை வரும். மூன்றாக மடிக்கிற ஃபோம் மெத்தை லேசானது, கழற்றித் துவைக்கிற உறையோடு வருகிறது, விடுமுறையில் மடித்து அலமாரி மேல் வைத்துவிட்டு வரலாம்.

டாடா ஏஸ் வேண்டவே வேண்டாம். ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட்டுக்கு ஆளுக்கு 40 கிலோ வரை இலவசமாக எடுத்துப்போகலாம். மூன்று பேர் போனால் 120 கிலோ. ஆனால் அந்த 120 கிலோவையும் நீங்கள் கொண்டுபோனால் பொதிகை எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் தாம்பரத்தில் நிற்கிற சில நிமிஷத்துக்குள் இறக்க வேண்டும், தூக்கக் கலக்கத்தோடு. அதை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு சூட்கேஸ், ஒரு தோள்பை, ஒரு சாப்பாட்டுப் பை. இதுதான் மூன்று பேர் நிதானமாக இறக்கக்கூடிய சுமை.

விடுதி அலுவலகத்தில் 14 வருஷம் எழுதியது:

நான் ஒரு மகளிர் விடுதியில் துணைக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவள். கெட்டில் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

தயவுசெய்து ஒளித்துக் கொடுத்தனுப்பாதீர்கள். கண்டிப்புக் காட்ட வேண்டும் என்பதற்காக வைத்த விதி இல்லை அது. சாதாரணமாக விற்கிற கெட்டில் 1500 வாட். நம் 230 வோல்ட் மின்சாரத்தில் அது ஆறரை ஆம்பியர் இழுக்கும். மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. ஒன்றே அளவை மீறுகிறது, அதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாட்டி ஒருத்தி கெட்டில், இன்னொருத்தி இஸ்திரிப் பெட்டி என்று போட்டால் என்ன ஆகும்? எங்கள் விடுதியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு இரண்டாவது தளத்தில் பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். கதவைத் தட்டித் திறக்கச் சொன்னால் பயத்தில் திறக்கவில்லை. திறந்தபோது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகி வழிந்து கட்டில் கால் ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தது, பக்கத்திலேயே பெட்ஷீட் நுனி தொங்குகிறது. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நுனியை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. வாட்டர் ஹீட்டர் ராடும் இதே கதைதான், அதைவிட மோசம், வாளித் தண்ணீரில் கை வைத்துப் பார்க்கிற பழக்கம் வேறு. மொபைல் சார்ஜர், லேப்டாப் சார்ஜரெல்லாம் இதற்கு முன் ஒன்றுமே இல்லை, அவற்றை யாரும் தடுப்பதில்லை. வெந்நீர் வேண்டுமென்றால் நல்ல ஃபிளாஸ்க் ஒன்று வாங்கிக்கொடுங்கள், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போகும்போது மெஸ்ஸில் நிரப்பிக்கொண்டால் படுக்கிறவரைக்கும் சூடாக இருக்கும். இஸ்திரிக்கு வளாகத்திலேயே ஆள் இருப்பார், அல்லது பொது இடத்தில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள், விசாரியுங்கள்.

பூட்டு பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊரில் பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டு, 2019இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, உறுதியில் குறையே சொல்ல முடியாது. ஆனால் பெற்றோர் ஆசையாகக் கொண்டுவருகிற கனமான பூட்டின் வளையம் இரும்பு அலமாரியின் சின்ன ஓட்டைக்குள் நுழையவே நுழையாது. எத்தனை பேர் முதல் நாளே பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றிருக்கிறார்கள் தெரியுமா. அறைக் கதவுக்குப் பெரியது, அலமாரிக்கு வளையம் மெல்லிய சின்னப் பூட்டு, இரண்டும் தனித்தனியாக வேண்டும். இரண்டாவது சாவியை அதே அலமாரிக்குள் வைக்கக் கூடாது. சிரிக்க வேண்டாம், பாதிப் பேர் அப்படித்தான் வைக்கிறார்கள்.

தட்டுமுட்டுச் சாமானை விட முக்கியம் சான்றிதழ்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் ஐந்து பிரதி எடுத்து, ஃபோனிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு, உங்கள் வீட்டுக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன். மகள் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு வரும். அதனால் வங்கிப் புத்தகமும் ஆதாரும் அவள் கையிலேயே இருக்கட்டும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்திருந்தால் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தெரியாமல் கட்டிவிடாதீர்கள். பாஸ்போர்ட் அளவுப் படம் 20 எடுத்துக்கொள்ளுங்கள், முதல் மாதம் எல்லாப் படிவத்துக்கும் கேட்பார்கள்.

ராஜபாளையம் அம்மா:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. முதல் பட்டதாரி சான்றிதழுக்கு நேற்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிட்டோம். அவள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, தமிழ் வழி. புதுமைப் பெண் கிடைக்குமா? கெட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அந்த உருகின பெட்டியைப் படித்ததும் வயிற்றைக் கலக்கிவிட்டது. மெத்தைக்காரரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் எல்லாம் அங்கே வாங்கலாம் என்றால் எங்கே வாங்குவது? எங்களுக்குச் சென்னையில் எழும்பூர் ஸ்டேஷனையும் தி.நகரையும் தவிர ஒன்றும் தெரியாது.

விடுதி அலுவலகத்தில் 14 வருஷம்:

கிடைக்கும். 2024இலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவாக்கியிருக்கிறார்கள். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

மேற்கு தாம்பரம் எழுதியது:

தி.நகர் வரைக்கும் போகவே வேண்டாம் அக்கா, அன்றைக்கு ஒரு நாளை அந்தக் கூட்டத்திலேயே தொலைத்துவிடுவீர்கள். தாம்பரம் ஸ்டேஷனில் மேற்குப் பக்கம் இறங்கி சண்முகம் சாலைக்குள் நுழைந்தால் வாளி, பாய், தலையணை, கொடிக் கயிறு, தட்டு, டம்ளர், பூட்டு எல்லாம் அடுத்தடுத்த கடைகளில் கிடைக்கும். காலையில் முதலில் கல்லூரிக்குப் போய்ச் சாமானை இறக்குங்கள், அறையைப் பாருங்கள், அப்புறம் டேப்பும் பேனாவும் வைத்துக்கொண்டு எழுதுங்கள்: கட்டில் நீளம் அகலம், கட்டிலுக்கு அடியில் எவ்வளவு உயரம், ஜன்னல் அகலம், பிளக் படுக்கைக்கு எவ்வளவு தூரம். எழுதிக்கொண்டு கடைக்கு வந்தால் இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். கட்டிலுக்கு அடியில் உயரம் தெரியாமல் டிரங்குப் பெட்டி கொண்டுவராதீர்கள், அடியில் நுழையாவிட்டால் அது நான்கு வருஷமும் நடுவழியிலேயே கிடக்கும்.

இந்தப் பக்கத்துக் கொசுவைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஏரிக்கரை ஊர்கள் இவை, மழைக்காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைக்க முடியாது. ஜன்னலில் வலை இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். இல்லையென்றால் ஒட்டுகிற வெல்க்ரோ வலை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. மற்ற இரண்டு பெண்களின் வீட்டாரோடு பேசி மூன்று பேருமாகச் சேர்ந்து வாங்கிவிடுங்கள். துடைப்பம், குப்பைக்கூடை, முகம் பார்க்கும் கண்ணாடி, மிதியடி, இவையும் அறைக்கு ஒன்று போதும். போன வருஷம் என் அக்கா பெண்ணின் அறையில் மூன்று துடைப்பம், மூன்று கண்ணாடி, குடிக்கிற தண்ணீருக்கு ஒரு குடம்கூட இல்லை.

இன்னொன்று, கட்டில் இரும்பா மரமா என்று பாருங்கள். எதுவாக இருந்தாலும் மெத்தை போடும் முன் ஃபோன் டார்ச்சை அடித்து மூலைகளையும், சட்டம் சேருகிற இடங்களையும், ஸ்க்ரூ ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். மிளகு தூவின மாதிரி கரும்புள்ளி இருந்தால் அது மூட்டைப்பூச்சி. உடனே காப்பாளரிடம் சொல்லி மருந்து அடிக்கச் சொல்லுங்கள், அல்லது கட்டிலை மாற்றித் தரக் கேளுங்கள். புது மெத்தையை அதன் மேல் விரித்த பிறகு கேட்டுப் பயனில்லை, அது மெத்தைக்குள் குடி போயிருக்கும்.

மழை நாளில் அலமாரிக்குள் துணியும் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். அதற்குத் தட்டுகளில் செய்தித்தாள் விரியுங்கள், பூச்சி அண்டாமல் இருக்கக் கீழே அந்துருண்டை இரண்டு துணியில் முடிந்து போடுங்கள். துணிக்கு நடுவில் போட்டால் அந்த வாசனை வகுப்பு வரைக்கும் வரும்.

டிரங்குப் பெட்டியோடு போனவள் எழுதியது:

எல்லாரும் அங்கே போய் வாங்குங்கள் என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

2016இல் நான் சேர்ந்தபோது அப்பா என்னைக் கல்லூரி வாசலில் விட்டுவிட்டு அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்ப வேண்டியிருந்தது, மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும். கடைக்குக் கூட்டிப்போக நேரமும் இல்லை, காசும் இல்லை. கல்லூரி வாசல் கடையில் ஒரு வாளி விலை கேட்டேன், எங்கள் ஊர்ச் சந்தை விலையைப் போல இரண்டு மடங்கு சொன்னார்கள். கையில் இருந்த டிரங்குப் பெட்டிதான் என்னைக் காப்பாற்றியது. அம்மா அதற்குள் என்னவெல்லாமோ போட்டிருந்தாள். ஊசியும் இரண்டு நூல்கண்டும், கத்தரிக்கோல், சேஃப்டி பின், நகவெட்டி, டார்ச், பழைய பருத்திச் சேலையைக் கிழித்து மடித்த நான்கு துடைக்கிற துணி, ஒரு எவர்சில்வர் தட்டு, டம்ளர், தைலம், காய்ச்சல் மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட். ஒரு பைசா செலவில்லாமல் வீட்டிலிருந்தே எடுத்தவைதான் பாதிக்கு மேல். முதல் மாதத்தில் எங்கள் தளத்தில் யாருக்குப் பொத்தான் அறுந்தாலும் என் அறைக்குத்தான் வருவார்கள். அப்படித்தான் எனக்குத் தோழிகளே கிடைத்தார்கள்.

அதனால் அக்கா, புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதை அங்கே அறையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அது சரி. ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கிற சின்னச் சாமானை இங்கிருந்தே எடுத்துப்போங்கள். அவசரத்துக்கு ஒரு ஊசி கிடைக்காது அங்கே, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வாசலைத் தாண்டவும் முடியாது.

தின்பண்டம் கேட்டீர்கள். பாத்திரம் நிறைய முறுக்கும் அதிரசமும் கொடுத்தால் இரண்டே நாளில் தளம் முழுக்கப் பங்கு போட்டுக் காலியாகிவிடும், அதுவும் நல்லதுதான், முதல் இரண்டு நாளுக்கு அது வேண்டும். மாதம் முழுக்க உதவுவது இட்லிப் பொடி, பருப்புப் பொடி, பூண்டு ஊறுகாய். மெஸ் சாம்பார் தொண்டையில் இறங்காத ராத்திரிகளில் சோற்றில் பருப்புப் பொடி போட்டு எண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படித்திருக்கிறேன். கண்ணாடிப் பாட்டிலில் கொடுக்காதீர்கள், திருகு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதற்கு மேல் ஒரு கவர். எறும்பு வரும். சர்க்கரை, வெல்லம் சேர்ந்தது எதுவாக இருந்தாலும் மூடியின் வெளிவிளிம்பைத் துடைத்து வைக்கப் பழக்கிவிடுங்கள். உங்கள் பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் நான்கு பாக்கெட் கொடுங்கள், பரீட்சை நேரத்தில் பசிக்கு அதைப் போல் வேறு இல்லை.

அப்புறம் உரிமையோடு ஒரு கேள்வி. இதுவரைக்கும் நாத்தனார் சொன்னார், அவள் அப்பா சொன்னார், நாங்களும் சொல்லிவிட்டோம். உங்கள் மகள் என்ன எடுத்துப்போக வேண்டும் என்கிறாள்? அந்த அறையில் இருக்கப்போகிறவள் அவள்தானே.

ராஜபாளையம் அம்மா (மூன்று வாரம் கழித்து):

சேர்த்துவிட்டு வந்துவிட்டோம். உடனே எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

கடைசியாக இரண்டு சூட்கேஸும் ஒரு தோள்பையும் ஒரு சாப்பாட்டுப் பையும்தான். டிரங்குப் பெட்டியில் இப்போது வீட்டு அரிசி இருக்கிறது. அறைக்குப் போனதும் அவளே டேப்பை எடுத்துக் கட்டிலை அளந்தாள். ஆறே கால் அடி நீளம், இரண்டரை அடி அகலம். மெத்தைக்காரரிடம் மூன்று அடி என்று சொல்லத்தான் இருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்ததில் பூச்சி ஒன்றும் இல்லை, ஆனால் ஜன்னலில் வலையும் இல்லை. பக்கத்துக் கட்டில் பெண் திருவண்ணாமலை, இன்னொருத்தி காரைக்கால். மூன்று வீட்டாரும் ஒன்றாகவே சண்முகம் சாலைக்குப் போனோம். வலை, துடைப்பம், குப்பைக்கூடை, கண்ணாடி, ஒரு சின்ன மூடி போட்ட குடம், எல்லாம் மூன்றாகப் பிரித்துக் காசு கொடுத்தோம். மடிக்கிற மெத்தை மூன்று வாங்கினதில் கடைக்காரர் தலையணை உறைகளைச் சும்மாவே கொடுத்தார். நான் கொண்டுபோன பூட்டு அலமாரியில் நுழையவில்லை, சொன்னபடியே. அறைக் கதவுக்கு அதைப் போட்டுவிட்டு அலமாரிக்கு அங்கேயே சின்னது வாங்கினோம்.

என்ன எடுத்துப்போகிறாய் என்று அவளைக் கேட்கச் சொன்னீர்களே, கேட்டேன். நாத்தனார் பட்டியலில் எதையும் அவள் சொல்லவில்லை. போன வருஷம் தவறிப்போன என் மாமியாரின் சுங்குடிச் சேலை ஒன்று, நன்றாகத் துவைத்துத் துவைத்து மல் துணி மாதிரி ஆகியிருந்தது, அதை எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்றாள். சின்ன வயதிலிருந்து பாட்டி பக்கத்தில்தான் படுப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை, பீரோவில் அடியில் கிடந்தது. நான் வாங்கி வைத்திருந்த ஆறு பெட்ஷீட்டில் இரண்டைத்தான் எடுத்துப்போனாள். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அந்தச் சேலையைக் காட்டினாள், காரைக்கால் பெண்ணும் ராத்திரி அதையே வாங்கிப் போர்த்திக்கொள்கிறாளாம், அவ்வளவு மெதுவாக இருக்கிறதாம்.

ஊசி நூல் டப்பாவுக்கு முதல் வாரத்திலேயே வேலை வந்துவிட்டது. கிளிப் விளக்கு நல்ல யோசனை, மூன்று பேரும் ஒவ்வொன்று வாங்கிவிட்டார்கள். ஒன்று மட்டும் நாங்கள் மறந்துபோனது குடை. அவள் அங்கேயே வாங்கிக்கொண்டாள்.

தீபாவளி ரயிலுக்கு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்று அவள் அப்பா நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். திரும்பிப் போகும்போது கொடுத்தனுப்ப ஒரு பை தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். மாமியாரின் இன்னொரு சுங்குடிச் சேலை இருக்கிறது, அது காரைக்கால் பெண்ணுக்கு. பருப்புப் பொடி இந்த முறை மூன்று டப்பா.